தமிழுக்காகக் காத்திருந்த வகுப்பு

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு கணக்கு உண்டு. நூற்றில் பத்து மதிப்பெண் பள்ளியிலேயே போடுவது, இன்டர்னல் என்போம். அந்தப் பத்தும் கேட்காமலே வந்துவிடும். எழுத்துத் தேர்வில் இருபத்தைந்து தேற்றினால் ஆக மொத்தம் முப்பத்தைந்து, பாஸ். கணக்குப் பாடத்தில் முட்டை வாங்குகிறவளுக்குக் கூட இந்தக் கூட்டல் மட்டும் தவறாது.

அந்தப் பத்து எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. மற்ற பாடங்களில் நான் சுமாராகப் படிப்பேன். ஆங்கிலத்தில் மட்டும் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. என்னைக் கடத்தூர் பக்கம் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். பிளஸ் டூ தொடங்கும்போதே அம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"பாஸாயிட்டன்னா எப்படியாவது கடன ஒடன வாங்கி மேல படிக்க வெக்கறோம். பெயிலாயிட்டன்னா ஜூன்ல எங்ககூட வந்துடு. பெரியம்மா வூட்ல இன்னும் ஒரு வருசம் வுட முடியாது கண்ணு."

மிரட்டலாக அவள் அதைச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்கோ லேப் டெக்னீசியன் படிப்பு என்று ஒரு பைத்தியம். ஒரு முறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அக்கா நோகாமல் ரத்தம் எடுத்ததைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். தோற்றால் மறுதேர்வு எழுதலாம் என்பார்கள். செங்கல் சுமக்கப் போன எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் திரும்பி வந்து மறுதேர்வு எழுதி நான் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் ஆகஸ்டில் புது ஆங்கில மிஸ் மாற்றலாகி வந்தார். சேலத்துக்காரர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வந்த வாரமே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இன்டர்னல்ல கேட்டலுக்கு அஞ்சு, வாசித்தலுக்கு அஞ்சு. டெஸ்ட் வெச்சு என்ன வருதோ அதைத்தான் போடுவேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்துவிட்டேன்.

"மிஸ், இதுவரைக்கும் எல்லாருக்கும் முழுசாத்தான் போட்டாங்க."

"என்னத்தைக் கேட்டுட்டுப் போட்டாங்க?"

"ஒன்னும் கேக்கல மிஸ். போட்டாங்க."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் டெஸ்ட் டெஸ்ட்தான் என்றார்.

முதல் கேட்டல் சோதனையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. ரயில் நிலையத்தில் கொய்யாப்பழம் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய சின்னக் கதை. மிஸ் அதை ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தார். முதல் வாக்கியம் முடிந்தது. நாங்கள் எல்லோரும் பேனாவை மூடியபடி அவர் முகத்தையே பார்த்தோம். இரண்டாவது வாக்கியம் முடிந்தது. அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்திருக்க வேண்டும், வாசித்து முடித்ததும் முகம் மலர்ந்து, "என்ன கதைன்னு எழுதுங்க" என்றார். யாரும் பேனாவைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த தோழிதான் கடைசியில் கேட்டாள்.

"மிஸ், டெஸ்ட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

"வாசிச்சே முடிச்சிட்டேனேம்மா!"

"நீங்க இன்னும் தமிழ்ல சொல்லவே இல்லீங்களே மிஸ்."

அவள் கேலி செய்யவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுக்கு ஆங்கிலம் அப்படித்தான் வந்தது. ஆசிரியர் ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிப்பார், உடனே அதைத் தமிழில் சொல்வார். நாங்கள் தமிழைக் கேட்டுக்கொள்வோம். ஆங்கில வரி எங்களைப் பொறுத்தவரை சாப்பாட்டு மணி மாதிரி. மணியை யாரும் சாப்பிடுவதில்லை. இந்த மிஸ்ஸும் வந்த நாளிலிருந்து அப்படித்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அன்று சைபர். எனக்கும்தான். விடைத்தாளில் சிவப்பு மையில் அது பெரிதாக இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மிஸ்ஸை வாயில் வந்தபடி திட்டினேன். யாருக்கும் இல்லாத நேர்மை இவருக்கு மட்டும் எதற்கு, அதற்கு என் வாழ்க்கைதான் கிடைத்ததா என்று பொங்கிப் பொங்கி வந்தது. உள்ளுக்குள் பயம்தான், வெளியே கோபமாக வந்தது.

காலாண்டு விடுமுறைக்குப் பெங்களூர் போனேன். அம்மா சித்தாள் வேலை செய்யும் கட்டடத்திலேயே தகரக் கொட்டகையில் இருவரும் தங்கியிருந்தார்கள். ஒரு காலையில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது மேஸ்திரி என்னைப் பார்த்துக் கத்தினார். கன்னடக்காரர்.

"ஏ பாப்பா, ஆ ஜரடி தகொண்டு பா!"

ஓடிப்போய்ச் சுவரோரம் சாய்த்திருந்த மணல் சல்லடையை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாதான் வியந்தாள்.

"ஜரடின்னா சல்லடைன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. எனக்குத் தெரியாது."

உண்மையாகவே தெரியாது. 'எடுத்து வா' என்பது மட்டும் தெரியும். அவர் கையில் கல்லும் மண்ணுமாக ஒரு பிடி மணல் இருந்தது. முகத்தில் எரிச்சல் இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு லீவிலும் இங்கே வந்து, கடையிலும் குழாயடியிலும் இப்படித்தான் எனக்குக் கன்னடம் பிடிபட்டிருக்கிறது. யாரும் ஒரு வரி சொல்லிவிட்டு, இரு பாப்பா தமிழில் சொல்கிறேன் என்று நின்றதில்லை. நின்றிருந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு சொல் வந்திருக்காது.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு சுலபமாக ஒரு பாஷையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவளை, ஆறு வருடம் வாயில் ஊட்டி ஊட்டி முடமாக்கிவிட்டார்களே என்று.

பள்ளி திறந்த அன்று வகுப்பில் எழுந்து நின்றேன்.

"மிஸ், நீங்க தமிழ்ல சொல்றத நிறுத்திடுங்க மிஸ். நாங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறோம். அது வராதுன்னு தெரிஞ்சாத்தான் காது வேல செய்யும்."

வகுப்பு என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. "ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்று தோழி என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். மிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு, "எனக்கே அது பழகிப்போச்சு. நிறுத்த வருமான்னு தெரியலை. பார்ப்போம்" என்றார். டீச்சர் ஒருவர் தனக்கு வருமா என்று தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து பாட வேளையின் முதல் பத்து நிமிடம் தமிழ் கிடையாது. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நாங்கள் செய்ய வேண்டும். முதல் நாள் ஒரே ஒரு ஜன்னலைச் சாத்தச் சொன்னார். நாங்கள் எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவையும் சாத்தி, ஃபேன் ஓடாத அறையில் வியர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தோம். கடைசி பெஞ்சில் எவளாவது மெல்லத் தமிழில் சொல்லிக்கொடுத்தால், அவள் அன்று முழுவதும் மிஸ்ஸின் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வேண்டும். ஸ்டூலுக்குப் பயந்தே மொழிபெயர்ப்பு நின்றது.

வாசித்தலிலும் எங்கள் லட்சணம் அதேதான். கோரஸாக ராகம் போட்டு வாசிப்பதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒரு நாள் மிஸ் தன் வீட்டு மிக்ஸியோடு வந்த சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தைக் கணீரென்று வாசித்தோம். "சரி, மிக்ஸியைக் கழுவறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?" என்று கேட்டார். இப்போதுதான் வாசித்தது, ஒருத்திக்கும் தெரியவில்லை. மறுபடி வாயை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். அப்போதுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதே எங்கள் கண்ணில் பட்டது.

தோழிக்கு நான் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். "தெரியாத வார்த்த வந்தா அங்கயே நிக்காத. தாண்டிப் போ." அவள் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டக் கற்றுக்கொண்டாள்.

ஜனவரியில் கடைசிச் சோதனை வந்தது. இதில் வருவதுதான் இன்டர்னல். மிஸ் தன் குரலுக்கு நாங்கள் பழகிவிட்டோம் என்று வேறு யாரோ வாசித்ததைப் போனில் பதிந்து, ஸ்பீக்கரில் போட்டார். ஓர் ஊரில் கிணறு வற்றிப்போன கதை. மூன்றாவது வாக்கியம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டேன். அதற்கும் அடுத்த வாக்கியத்தில், விட்டுப்போன மூன்றாவது தானாகப் புரிந்தது. எழுந்து கூத்தாட வேண்டும்போல் இருந்தது. எழுதினேன்.

கேட்டலில் நான்கு, வாசித்தலில் மூன்று. ஆக ஏழு.

சந்தோஷம் மதியச் சாப்பாடு வரைதான் நின்றது. அதற்குள் பழைய கணக்கு மண்டையில் ஏறிக்கொண்டது. இன்டர்னல் ஏழு என்றால் எழுத்தில் இருபத்தெட்டு வேண்டும். அரையாண்டில் நான் எடுத்தது இருபத்தாறு. பழைய முறைப்படி அது பாஸ், இப்போது பெயில். மிஸ்ஸிடம் ஓடினேன்.

"பத்துப் போட்டுடுங்க மிஸ். ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது? பெயிலானா நான் செங்கல் தூக்கப் போயிடுவன் மிஸ்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"சைபரில இருந்து நாலுக்கு வந்திருக்க. நான் அஞ்சுன்னு போட்டுட்டா அந்த நாலுக்கு என்ன மரியாதை?"

அன்றைக்கு அந்த மரியாதை எனக்குத் தேவைப்படவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இரண்டு மாதம் வெறி பிடித்தவள்போல் படித்தேன். மிஸ்ஸிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஒரு நாளும் தவறவிடவில்லை.

பொதுத் தேர்வில் பத்தியைக் கொடுத்து விடை கேட்பார்கள் அல்லவா? முன்பெல்லாம் கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே இருக்கிறதோ, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுவேன். அன்று பத்தியைப் படித்தேன். ஒரு விஷயத்தை யாரோ எனக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் படித்தேன். வெளியே வந்ததும் தோழி எப்படி என்று கேட்டாள். பசிக்கிறது என்றேன்.

மே மாதம் ரிசல்ட் பெரியப்பாவின் போனுக்கு வந்தது. ஆங்கிலத்தில் எழுத்தில் நாற்பத்து நான்கு, இன்டர்னல் ஏழு. நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஏழு இல்லாமலே நான் தேறுகிற அளவுக்கு இருந்தது. பெரியம்மா போனைப் பிடுங்கி அம்மாவுக்கு அடித்து என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் கலவை மெஷின் இரைச்சல்.

"அம்மா, பாஸாயிட்டன்."

"இங்கிலீசு?"

"அதுலயும்தான்."

"அந்த மிஸ்ஸு மனசு எறங்கி முழுசா போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா. ஏழேதான் போட்டாங்க."

"அப்பறம் எப்படிடி?"

"மிச்சம் எல்லாம் நான் எடுத்ததும்மா."

இரைச்சலுக்கு நடுவே அவள் அங்கே யாரிடமோ கன்னடத்தில் மகள் பாஸாகிவிட்டாள் என்று கத்துவது கேட்டது. மெஷின் நின்றது. அம்மா மறுபடி போனுக்கு வந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"ஜூன்ல நீ இங்க வராத கண்ணு," என்றாள். "வராத."