நோட்டீசில் இல்லாத பெயர்

எங்கள் பெரியப்பாவின் சட்டைப் பையில் பேனை இருந்து நான் கண்டதில்லை. அழிறப்பர்தான் இருக்கும். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த வாசிகசாலைக்கு அவர்தான் பொறுப்பு. திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். வாசித்தவர்கள் பென்சிலால் இழுத்த கோடுகளையும், "அருமை", "சுத்தப் பொய்" என்று ஓரத்தில் எழுதிவைத்த தீர்ப்புகளையும் அழித்துவிட்டுத்தான் அலுமாரியில் வைப்பார்.

"வாசிகசாலைக் கடதாசியில எழுதிறது, சாமிக்குப் படைக்க வைச்ச சோத்தில கை வைக்கிற மாதிரி" என்பார். கையெழுத்துப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு பென்சில் உண்டு. அதையும் மேசைக்காலில் நூல் போட்டுக் கட்டியிருந்தார். மனிதரை நம்பலாம், பென்சில் வைத்திருக்கிற மனிதரை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

அறுபதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா துறைமுகக் கந்தோரில் இருந்து வரும்வரை, பள்ளிக்கூடம் விட்டதும் வாசிகசாலையில்தான் கிடப்பேன். படங்கள் உள்ள புத்தகங்களெல்லாம் முடிந்துபோன ஒரு மழைக்காலத்தில், அலுமாரியின் அடித்தட்டில் சிவப்பு நாடா கட்டிய ஒரு பெரிய கோவையைக் கண்டுபிடித்தேன். உள்ளே முழுவதும் நாடக நோட்டீசுகள். கொட்டகை வாசலில் கையில் கொடுப்பார்களே, அதுதான். முன்பக்கத்தில் நாடகத்தின் பெயர். உள்ளே யார் யாருக்கு என்ன வேடம், எத்தனை காட்சி. கடைசிப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம், பற்பொடி விளம்பரம். நாடகங்கள் வேறு, ஊர்கள் வேறு, வருடங்கள் வேறு. ஆனால் எல்லா நோட்டீசிலும் ஒரு பெயர் இருந்தது. செண்பகவல்லி.

முதல் நோட்டீசில் அந்தப் பெயர் ஆகக் கடைசியில், கடுகளவு எழுத்தில், தோழிப் பெண்களில் ஒருத்தியாய் நின்றது. அடுத்ததில் ஒரு வரி மேலே ஏறியது. பிறகு வேடனின் மனைவி, பிறகு இளவரசி. எழுத்தும் பருத்துக்கொண்டே வந்தது. பதினைந்தாவது நோட்டீசில் நாடகத்தின் பெயரைவிடச் செண்பகவல்லியின் பெயர் பெரிது. திரும்பவும் முதலில் இருந்து புரட்டினேன். ஒரே மனுஷி வெள்ளிக்கிழமை அரசியாகவும் சனிக்கிழமை பிச்சைக்காரியாகவும் ஞாயிற்றுக்கிழமை ஏழு பிள்ளைகளின் தாயாகவும் இருந்திருக்கிறாள்! நான் ஏழு நாளும் நானாகவே இருந்தேன். அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

"உதெல்லாம் ஆர் சேர்த்தது?" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"நான்தான். ஒண்டும் குறையேல்லை. அவ ஆடின ஒவ்வொரு நாடகமும் இதுக்குள்ள கிடக்கு" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகம் தேர் பார்த்து வந்த முகம் போல இருந்தது.

பெரியப்பாவும் ஒரு காலத்தில் நாடகக்காரர்தான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் மேடை ஏறாத அந்த நாளில் பெண் வேடம் கட்டியவர். "இந்த மனிசன் என்னைவிட வடிவாய்ச் சீலை உடுத்தினவர்" என்று பெரியம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது பகிடி மட்டுமல்ல. எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணம் என்றாலும் மணப்பெண்ணின் சீலையில் கொய்யக மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரியப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் நின்றபடியே, "இடப்பக்கம் ஒரு விரல் ஏத்துங்கோ" என்பார். ஏற்றினால் சரியாக இருக்கும்.

செண்பகவல்லி மேடைக்கு வந்த பிறகு பெண் வேடத்துக்கு ஆணைத் தேடுவார் இல்லை. பெரியப்பா வாசிகசாலைக்கு வந்துவிட்டார். தன் பிழைப்பில் மண் போட்டவளின் நோட்டீசுகளை ஒருவர் ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கவேண்டும்? நான் அதையும் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இராது.

"அவ நடிச்சதைப் பாத்தாப்பிறகு எனக்குச் சீலையைத் தொட வெக்கமாய்க் கிடந்தது, பிள்ளை" என்றார். அவ்வளவுதான். ஒரு புத்தகத்தை எடுத்து அழிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கோவையில் ஒரு நோட்டீஸ் மற்றவற்றைப் போலில்லை. பெரிய தாள், நாலாக மடித்தது, ஒரு பக்கம் மட்டும் அச்சு. "கப்பல்கார ராணி" என்று நாடகத்தின் பெயர். நடுவில் செண்பகவல்லியின் படம். தலையில் ராணி முடி, ஒரு கை பாய்மரத்தில், மறு கை இடுப்பில். அந்தப் பார்வையைப் பார்த்தால் கப்பல் மட்டுமல்ல, கடலும் அவளுடையது என்று தோன்றும். நான் தினமும் அதை எடுத்துப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து ஒருநாள்கூடப் பார்க்காமல் இருக்க ஏலாமல் போய்விட்டது.

களவு என்று நான் நினைக்கவில்லை. பழைய கலண்டர்த் தாளை வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கொப்பிகளுக்கு உறை போடுவதுதான் அந்நாளில் வழக்கம். கணக்குக் கொப்பிக்கு நான் அந்த நோட்டீசை உறையாகப் போட்டேன். கத்தரிக்கோல் வைக்கவில்லை, பசை பூசவில்லை. வெளியே வெறும் வெள்ளை. உள்ளே, பெருக்கல் பிழைத்துப் பிரம்படி வாங்கும் என் கொப்பிக்குள்ளே, ராணி நின்றாள். அடி விழும்போது அவளை நினைத்துக்கொள்வேன். அழமாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. செண்பகவல்லி எழுதியிருந்தார். நாடகத்தை விட்டுச் சம்பூரில் கலியாணம் செய்து வயலும் பிள்ளைகளுமாய் இருந்தாராம். சூறாவளியில் கூரையோடு அவருடைய நோட்டீசுகளும் படங்களும் ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டனவாம். வாசிகசாலையில் எல்லாம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஒருதரம் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். பெரியப்பா அன்றே பதில் போட்டார். போடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறது. வாருங்கள்." நான் கணக்குக் கொப்பியைப் பைக்குள் ஆழத் தள்ளினேன்.

திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் கொப்பியோடு போனேன். ஆனால் கோவையைப் பெரியப்பா தன் மேசைக்கு எடுத்துவிட்டார். பகல் முழுவதும் அதன்மேல் கை வைத்தபடி இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பத்திரிகை வாசிக்கும் நீள மேசையைத் துடைத்து, நோட்டீசுகளை வருட ஒழுங்கில் பரப்பினார். துறைமுகக் காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பி. பத்திரிகை வாசிக்க வந்த நாலு பேரும் சுவரோரக் கதிரைகளுக்குத் தள்ளப்பட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்க்காரரும் ஏறிவரும் மூதூர் லாஞ்ச் கரை சேர்ந்து கொஞ்ச நேரத்தில், குடையும் றப்பர்ச் செருப்புமாய்க் குட்டையான ஒரு அம்மா படியேறி வந்தார். மூக்குக்கண்ணாடி. கையில் ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு. யாரோ என்று நினைத்தேன்.

"வாங்கோ" என்று பெரியப்பா எழுந்தார். கதிரை பின்னால் விழுந்தது.

"அண்ணை, சுகமாய் இருக்கிறியளோ?" என்றார் அந்த அம்மா.

இதுவா செண்பகவல்லி? எனக்கு அழுகை வந்தது. அவர் மேசையோரமாய் மெல்ல நடந்தார். ஒவ்வொரு தாளிலும் விரலை வைத்து வாசித்தார். இது மட்டக்களப்பில், இது கொழும்பில், இதில் ராணி முடி கழன்று விழுந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். முதுகு நிமிர்ந்தது.

"கரை தெரிகிறது என்று சொன்னவன் யார்? அவனைக் கூப்பிடுங்கள். அவன் கண்ணால் நானும் ஒருமுறை பார்க்கவேண்டும்!"

உரத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. சுவரோரத்தில் நாலு பத்திரிகைகளும் ஒருமிக்கத் தாழ்ந்தன. றப்பர்ச் செருப்பு எங்கே, வெள்ளரிப்பிஞ்சு எங்கே! ராணி நின்றாள். அதற்கு முன்னும் பின்னும் நான் கோயில் கும்பிட்டிருக்கிறேன், கடல் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பயமும் சந்தோசமும் எனக்கு வந்ததில்லை.

பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி அம்மாவானார். குனிந்து இரண்டு தாள்களுக்கு நடுவே விரலை வைத்தார்.

"இந்தக் கப்பல்கார ராணி பெரிய நோட்டீஸ் எங்க, அண்ணை? இந்த ஊர்க் கொட்டகையில ஆடினது?"

பெரியப்பா பார்த்தார். மறுபடி பார்த்தார். சிப்பிகளைத் தூக்கினார், கோவையை உதறினார், அலுமாரியின் அடியில் படுத்துத் தேடினார். கோட்டைப் பக்கமிருந்து தெருவுக்கு வரும் மான்கள் கடதாசி கண்டால் தின்னாமல் விடா. "மான் வந்து திண்டிட்டுதோ..." என்று படலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சட்டை நனைந்திருந்தது. ஒன்றும் குறையவில்லை என்று எழுதிக்கொடுத்த மனுஷன்.

"தேடாதேங்கோ அண்ணை" என்றார் செண்பகவல்லி. "எனக்கு விளங்குது. நீங்கள் வேணுமெண்டுதான் அதை எடுத்து வைச்சிட்டியள்."

பெரியப்பா கையில் இருந்த சிப்பியை மேசையில் வைத்தார்.

"அண்டைக்கு நான் ஆடேல்லை" என்று செண்பகவல்லி எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "தம்பலகாமத்தடியில வெள்ளம். கார் நிண்டிட்டுது. நான் வந்து சேரேக்க நாடகம் முடிஞ்சு சனம் வெளியால வருகுது. என்னைக் கண்டு கும்பிடுகுதுகள். 'இண்டைக்கு ஆடின மாதிரி நீ ஒருநாளும் ஆடேல்லையம்மா' எண்டு ஒரு கிழவன் என்ர கையைப் பிடிச்சு அழுதான். உள்ளுக்குப் போய்ப் பாத்தா, அண்ணை என்ர ராணி முடியைக் கழட்டிக்கொண்டு இருக்கிறார். சனம் காசைத் திருப்பிக் கேக்கும் எண்டு நாடகக் கொம்பனிக்காரர் வாசிகசாலையில இருந்த அண்ணையைக் கூட்டிவந்து எனக்குப் பதிலாய் ஆட வைச்சிட்டு, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்ணையும் சொல்லேல்லை. இண்டைவரைக்கும் நானும் சொல்லேல்லை."

சுவரோரத்தில் ஒருவர், "நான் அண்டைக்கு வந்தனான்" என்றார் மெதுவாக.

இனியும் என்னால் தாங்க ஏலவில்லை. பையில் இருந்து கணக்குக் கொப்பியை எடுத்து, உறையைக் கழற்றி நீட்டினேன். "நான்தான் எடுத்தனான், பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது செண்பகவல்லி அந்தத் தாளை விரித்து மேசைக்காலருகே கொண்டுபோயிருந்தார். பென்சில் கட்டிய நூல் நீளம் காணாததால் கதிரையில் இருந்தபடியே குனிந்தார். ராணி என்ற வேடத்துக்கு நேரே இருந்த தன் பெரிய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பெரியப்பாவின் முழுப்பெயரை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, அழுத்தி அழுத்தி எழுதினார்.

வாசிகசாலைக் கடதாசியில்! நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பித் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை மட்டும் சட்டைப் பைக்குப் போய், அழிறப்பரைத் தொட்டு, திரும்பி வந்தது. விருந்தாளியின் முன்னால் அழிப்பது மரியாதை இல்லை என்று விட்டிருப்பார் என்று நினைத்தேன். செண்பகவல்லி லாஞ்சுக்கு நேரமாகிறது என்று வெள்ளரிப்பிஞ்சை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பெரியப்பா அன்றும் என்னை ஏசவில்லை, அடுத்த நாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குற்றத்துக்கு ஏதாவது செய்தால்தான் எனக்கு நித்திரை வரும் போலிருந்தது. திங்கட்கிழமை பின்னேரம் அவர் தேநீர் குடிக்கப் போனபோது அழிறப்பர் மேசையில் இருந்தது. கோவையைத் திறந்தேன். அந்தத் தாள் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. உட்கார்ந்து, பொறுமையாக, கடதாசி கிழியாமல், கோட்டையும் அழித்தேன், பெயரையும் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் வெகுநேரம் பிடித்தது. தூளை ஊதித் துடைத்தேன். செண்பகவல்லியின் பெயர் முன்புபோலப் பளிச்சென்று நின்றது.

அவர் வந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன். "பாருங்கோ பெரியப்பா, சுத்தமாய் அழிச்சிட்டன்."

அவர் தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சரித்துச் சரித்துப் பார்த்தார். எங்கேயாவது அழியாமல் இருக்கிறதா என்று தேடுகிறார் என்று நினைத்து, நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"கெட்டிக்காரி" என்றார். என் தலையில் ஒருதரம் கை வைத்தார். தாளை நாலாக மடித்துக் கோவையில் வைத்தார். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

அதற்குப் பிறகு அவர் சட்டைப் பையில் அழிறப்பரைக் காணவில்லை. புத்தகங்கள் கோடும் கிறுக்கலுமாகவே அலுமாரிக்குப் போயின. பாவம், எங்கோ தொலைத்துவிட்டார், தேடி வாங்க நேரமில்லை என்று நினைத்தேன். சித்திரை வருடப்பிறப்புக்குக் கிடைத்த கைவிசேஷக் காசில் கடைத்தெருவுக்குப் போய், பச்சை நிறத்தில், நல்ல வாசம் வீசுகிற புது அழிறப்பர் ஒன்று வாங்கிவந்து, பெரியப்பாவின் கையில் நானே வைத்தேன்.