மூடியில் தேதி மட்டும்

எங்கள் சமையலறையில் எந்த டப்பாவை எடுத்தாலும் மூடியில் ஒரு தேதி இருக்கும். எழுதியது நான். தாலுகா அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்கும் முன்பே, குடும்ப வேதாகமத்தின் வெற்றுத்தாளில் அப்பா எழுதிவைத்த பிறப்பு, ஞானஸ்நான, மரணத் தேதிகளைப் பார்த்து வளர்ந்தவன். தேதி தெரிந்தால் மற்றதைத் தேடிக்கொள்ளலாம் என்பது என் நம்பிக்கை. மல்லிப்பொடியும் சாம்பார்ப்பொடியும் ஒரே நாளில் அரைத்து வந்தால் இரண்டு மூடியிலும் ஒரே தேதிதான்.

“தேதி போட்டா ஆச்சா? உள்ள என்ன இருக்குன்னு ஆரு சொல்லுவா?” என்பாள் மனைவி.

“மோந்து பாரு” என்பேன்.

எங்கள் ஒரே மகளுக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, அவள் பெட்டியில் நான் வைத்தது அழியாத மை பேனாக்கள் ஒரு டஜன்.

முதல் விடுமுறையில் வந்தவளிடம் அவள் அம்மா கேட்டாள்: “அங்கன என்னட்டி செய்யுத?”

“புரதத்த நிறுத்துப் பாக்கேன்ம்மா.”

“தராசுலயா?”

“மெஷின்ல. ஊசிமுனை வழியா துளித்துளியா பீச்சி, கரண்டு ஏத்திப் பறக்க விடுவோம். எப்படிப் பறக்குதுங்கிறத வச்சு எடை தெரியும். புரதத்துல ஒரு துத்தநாக அணு ஒட்டியிருந்தா எடை அறுபத்துமூணு சொச்சம் கூடும். ரெண்டு இருந்தா அதுல ரெட்டிப்பு.”

“நம்ம பூ மார்க்கெட்ல தண்ணி தெளிச்சு நிறுக்கானுவளே, அது மாதிரி.”

“அதே கததாம்மா. பூ எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு கண்டுபிடிக்கதுக்குச் சம்பளம் தாராங்க.”

அந்த மெஷினை நிறை நிறமாலைமானி என்று நான் அன்று என் தினக் குறிப்பேட்டில் எழுதியதைப் பார்த்துச் சிரித்தாள். அங்கே எல்லாரும் ‘மாஸ் ஸ்பெக்’ என்றுதான் சொல்வார்களாம்.

நாலாம் ஆண்டு முடிவில் அவளுடைய கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. உலோகத்தையெல்லாம் நீக்கி வெறுமையாக்கிய அந்தப் புரதத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் துத்தநாகம் காட்டினாலும், அது இரண்டு அணுக்களைச் சட்டென்று பற்றிக்கொள்கிறது என்பது அதன் சாரம். அவளுடைய பட்டமே அந்த ஒரு முடிவின் மேல்தான் நின்றது. வாய்மொழித் தேர்வுக்கு மாதம் குறித்தாயிற்று. பட்டம் கையில் வந்தால் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் இடம். பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தாள்.

நான்தான் கேட்டேன்: “அந்த எடை எடுத்த புரதம் என்னைக்குத் தயாரானது? தேதி சொல்லு மக்கா, எழுதிக்கிடுதேன்.”

ஆய்வுக் குறிப்பேட்டைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தாள். தள்ளிக்கொண்டே வந்த கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. அந்தத் தேதியை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒரே நாளில் இரண்டு தொகுதி செய்திருக்கிறாள். காலையில் உலோகம் நீக்கியது. மத்தியானம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நீக்காமல் அப்படியே விட்டது. இரண்டையும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து ஒரே பெட்டியில் உறையவைத்திருக்கிறாள். குழாயின் மூடி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் தேதி மட்டும். பொடியை மோந்து பார்க்கலாம். இது எல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கும்.

“புதுசா வந்த ஜூனியர் பிள்ளை இதையே திருப்பிச் செஞ்சு பாத்தாப்பா. வரல. கை சுத்தம் இல்லன்னு போன மாசம் அவள ஏசினேன்.”

உடனே அந்தப் பெண்ணை அழைத்து, பெட்டியில் மிச்சமிருக்கும் குழாய்களை எதுவும் சேர்க்காமல் அப்படியே நிறுத்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்று குழாய்கள் மிச்சம். ஒன்றில் வெறும் புரதம். மற்ற இரண்டில் இரண்டிரண்டு துத்தநாகம். ஒரே தேதி, இரண்டு எடை. வெறுமை என்று காட்டிய எடைப் படத்துக்கு ஒரு தொகுதியையும், துத்தநாகம் சேர்த்துப் பார்த்த சோதனைக்குத் தெரியாமல் மற்றதையும் எடுத்திருக்கிறாள். புரதம் சட்டென்று எதையும் பற்றவில்லை. அதில் துத்தநாகம் முதலிலேயே இருந்திருக்கிறது.

அவள் அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். நான் நாற்காலியில் இருந்தேன். அப்போது சொன்னேன்:

“நீ சொல்லாட்டா யாருக்குத் தெரியும்?”

மகள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“நீங்களாப்பா சொல்லுதிய? இதே புரதத்த அடுத்து எடுக்கவ, தன் கைதான் சரியில்லன்னு ரெண்டு மூணு வருஷம் அழுதுகிட்டுக் கெடப்பா.”

கொல்லைப்புறம் போய் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பேசினாள். திரும்பி வந்து தண்ணீர் கேட்டாள். அவள் அம்மா செம்பைக் கொடுத்துவிட்டு, “எல்லாம் இந்த மனுசன் வாங்கிக் குடுத்த பேனா” என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஆய்வேட்டில் அந்த இயலை எடுத்தபின் மிச்சம் இருந்தது பட்டத்துக்குப் போதவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய இன்னும் ஒன்றரை வருடமாவது வேண்டும். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, நீட்டிக்க வழியில்லை. வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போயிற்று. பேராசிரியர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லையாம். “சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள் மகள்.

இப்போது வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறுகிறாள். சாயந்திரம் வந்ததும் படுத்துக்கொள்கிறாள். சபையில் யாராவது படிப்பு எப்போது முடியும் என்று கேட்டால், “முடிஞ்சிட்டு” என்கிறாள். அந்த ஜூனியர் பெண் ஒருமுறை அழைத்தாள். மகள் எடுக்கவில்லை.

போன வாரம் என் பழைய தினக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த மூன்று குழாய்களின் எடை தெரியவந்த நாளுக்கு நேராக, “மகளுடன் பேச்சு. வெயில் அதிகம்” என்று இருந்தது. நான் சொன்ன வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தேன். ஓரத்து இடைவெளியில் பொடி எழுத்தில் அதை எழுதி, கீழே அவள் பதிலையும் எழுதினேன். ஓய்வு பெற்றபின் பழைய பக்கத்தில் நான் எதையும் சேர்த்ததில்லை.

மகள் பள்ளியிலிருந்து வந்து, மேசையில் திறந்து கிடந்ததை நின்றவாறே படித்தாள்.

“இதுல நேரம் போடலியேப்பா. நீங்க அதச் சொன்னது காலையிலயா, மத்தியானமா?”

யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை.