சமயபுரத்து எலுமிச்சம்பழமும் என் வண்டியின் ஏசியும்

மகளுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. வளைகாப்பு நடந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தில்லைநகரில் அவள் மாமியார் வீடு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு, நடுவில் காவேரிப் பாலம். தூரம் அவ்வளவுதான். ஆனால் மாதம் சித்திரை, வண்டியோ என் வண்டி.

சம்பந்தியம்மா நல்ல மனுஷி. தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக் கூட்டி வந்திருப்பேன். அவரோ காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கத்திரி வேற ஆரம்பிக்கப் போவுது சம்பந்தி. போன வாரம்கூட புள்ளைக்கு மயக்கம் வந்துடுச்சு. இந்த வெயிலை எப்படித் தாங்குவா? பேசாம பிரசவம் இங்கேயே ஆகட்டுமே. உங்க வீடு எங்க வீடுன்னு என்ன இருக்கு?"

எனக்கு இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். ஊரை விடுங்கள், எனக்கு அவள் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டில் தங்கியதெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகைதான். சோபாவில் உட்கார்ந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சம்பந்தியின் புது வண்டி பளபளத்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நம்ம வண்டியிலயும் ஏசி இருக்குங்க. வளைகாப்புக்குள்ள ஊட்டி மாதிரி ஆக்கிடறேன், பாருங்க" என்றேன்.

திரும்பி வரும்போது மனைவி, "என்னங்க, நான் என்ன சொல்ல வரேன்னா..." என்று ஆரம்பித்தாள். கால் டாக்ஸி என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். என் மகளை வாடகை வண்டியிலா கூட்டி வருவேன்? "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அந்த ஏசிக்கு ஒரு விசித்திரமான குணம். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஓரளவு குளிரும். பாலத்தைத் தாண்டுவதற்குள் அனலாக வீசும். இதை வைத்து நான் ஒரு சித்தாந்தமே உருவாக்கினேன்: காவேரியில் தண்ணீர் வற்றி மணல் சுடுகிறது, அந்தக் காற்றை இழுத்து ஏசி களைத்துப்போகிறது. மனைவி கேட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

பாலக்கரையில் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் காட்டினேன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, "கேஸ் இறங்கியிருக்கும் சார்" என்றார். கேஸ் ஏற்றினார். அனல் குறையவில்லை. அடுத்த முறை கம்ப்ரசர் மேல் பழி போட்டார். அதைக் கழற்றி மாட்டினார். பழைய வண்டிக்கு வைத்தியம் பார்ப்பது எனக்கு ஒருவிதமான போதையாகிவிட்டதால் நானும் களத்தில் இறங்கினேன். கேஸ் எங்காவது கசிந்தால் சோப்பு நுரையில் குமிழி கிளம்பும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மனைவியின் ஷாம்பு பாக்கெட்டுகளைக் கரைத்து இன்ஜின் முழுக்க ஊற்றினேன். எங்கு பார்த்தாலும் குமிழி. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்ன சார், வண்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளியலா?" என்றார். சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு வைத்தியமும் கூடவே நடந்தது. நான் வாழ்நாள் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். எதையும் ஒற்றைப் பாதுகாப்பில் விட எனக்கு மனம் வராது. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து அவ்வப்போது சமயபுரம் போய், அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கிவந்து வண்டியின் டேஷ்போர்டில், கண்ணாடியை ஒட்டி வைப்பேன். அது வாடி, சுருங்கி, ஒருநாள் காணாமல் போகும். அடுத்ததை வைப்பேன். ஏசி படுத்த பிறகு அதற்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் ஒரு பழம்.

பழங்கள் காணாமல் போனதற்கு நான் சந்தேகப்பட்டது மனைவியைத்தான். "ரசத்துல புழிஞ்சிட்டியா?" என்று கேட்டேவிட்டேன்.

"அம்மன் பழத்தை யாராவது ரசத்துல புழிவாங்களா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றவள் அன்று எனக்கு ரசமே ஊற்றவில்லை.

வளைகாப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது மாம்பழச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். காய்ந்து கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிதாகச் சுருங்கியிருந்த பழம் கண்ணாடியோரமாக உருண்டு போய், என் கண் முன்னாலேயே டேஷ்போர்டுக்குள் 'டொக்' என்று விழுந்து மறைந்தது.

கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் நீளமான துவாரம் ஒன்று உண்டு. அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைப் போன ஆயுத பூஜையன்று நான்தான் உடைத்தேன். ஊதுபத்தி செருக வேறு இடம் கிடைக்காமல் அதில் செருகினேன். பழைய பிளாஸ்டிக், படபடவென்று முறிந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் என் காணிக்கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயிருக்கின்றன.

மெக்கானிக் டேஷ்போர்டைப் பிரித்தார். உள்ளே குளிர்காற்றையும் இன்ஜின் சூட்டையும் பிரித்துவிடும் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது. அது மூட முடியாமல் பாதி திறந்து நின்றது. அதன் இடுக்கில் குங்குமம்கூட அழியாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன எலுமிச்சம்பழங்கள். ஏசி பாட்டுக்குக் குளிரவைக்க, திறந்த கதவு வழியாக இன்ஜின் பாட்டுக்குச் சூடேற்றியிருக்கிறது. இன்ஜின் காய்வதற்கு முன்பு மட்டும் குளிர்ந்ததன் ரகசியம் அதுதான். காவேரி மணல் பாவம், அதற்கு இதில் சம்பந்தமே இல்லை.

"இத்தனை பேர் காவல் இருந்தா காத்து எப்படி சார் வரும்?" என்றார் மெக்கானிக். பிறகு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "கேஸும் கம்மியாத்தான் சார் இருந்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டார். பழங்களைக் குப்பையில் போட மனசு கேட்கவில்லை. துண்டில் முடிந்து கொண்டுபோய்க் காவேரியில் விட்டேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். மூன்று பேராகப் போகக்கூடாது என்று மனைவி உறவுக்காரர்களோடு வேனில் முன்னால் போய்விட்டாள். நான் வண்டியை அரைமணி நேரம் முன்பே ஸ்டார்ட் செய்து குளிரவைத்தேன். சம்பந்தியம்மா கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். "அட, நெஜமாவே ஜில்லுனு இருக்கே!" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை ஷாம்பு பாக்கெட் கரைத்தேன் என்று அவருக்குத் தெரியாது. பிறகு வழித்துணைக்கு என்று ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி மகளிடம் கொடுத்தேன்.

"கையிலயே வச்சுக்கம்மா. கீழ மட்டும் வச்சிடாதே."

பாலத்தில் நெரிசல். வெளியே பைக்கில் வந்தவர்கள் துண்டால் தலையை மூடிக்கொண்டு தவித்தார்கள். உள்ளே மகள், "அப்பா, நம்ம வண்டியா இது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடு பள்ளம் ஒவ்வொன்றிலும் வண்டியை ஊரவிட்டு இறக்கினேன்; பின்னால் வந்தவர்களின் ஹாரனெல்லாம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

வாசலில் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். மகள் கதவைத் திறந்தாள். தெருவின் அனல் உள்ளே பாய்ந்தது. ஒரு காலைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, என் ரூம்ல இன்னும் அந்த ஃபேன் மட்டும்தானா?"

நான் மனைவியைப் பார்த்தேன். ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அதைத்தாங்க நான் அன்னிக்கே சொல்ல வந்தேன்."

சம்பந்தியம்மா அன்று வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிரசவம்வரைக்கும், அதற்குப் பிறகும், மேல்மாடியில் வெயில் நேராக இறங்கும் எங்கள் வீட்டில் இவள் எப்படித் தாங்குவாள் என்றுதான் கேட்டார். நான் பாலம் தாண்டுகிற நேரத்துக்கு மட்டும் பதில் தயார் செய்திருக்கிறேன். தெருவிலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"முகத்தைத் தொங்கப்போடாதீங்கப்பா. நாளைக்கு ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம். அதுவரைக்கும் நான் இங்க உட்காந்திருக்கேன்" என்று காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள் மகள். மனைவி வண்டியோடு சேர்த்து ஆரத்தி சுற்றினாள். நான் இன்ஜினை அணைக்கவில்லை. பழத்தைக் கையில் பிடித்தபடி அவள் மெல்லத் தூங்கிப்போனாள்.

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினேன்.

"என்ன சார், ஊருக்குக் கிளம்புறீங்களா?"

"இல்லைங்க," என்றேன் மெதுவாக, "பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா."