பென் டிரைவில் ஒரு தமிழ்த் தட்டச்சு: திருநெல்வேலியிலிருந்து துவாரகாவுக்கு

2007 பிப்ரவரியில் நான் டெல்லி போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. துவாரகாவில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் தமிழ்த் தட்டச்சுத் தேர்வு. மத்திய அரசு வேலையில் இருக்கும் என் கணவர் இரண்டு வருடமாக சரோஜினி நகரில் ஓர் அறையில் தனியாக இருந்தார். நானும் மகளும் திருநெல்வேலியில். ஒரு சம்பளத்தில் டெல்லியில் மூன்று பேர் குடித்தனம் நடத்த முடியாது. இந்த வேலை கிடைத்தால் முடியும். அதனால் எப்படியாவது இதை வாங்கியே தீருவது என்றுதான் கிளம்பினேன்.

தேர்வுக் கடிதத்தில் ஒரு வரி இடித்தது: கணினியில் எதையும் நிறுவக் கூடாது. நான் தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவள். 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். இப்போதைய கணினி முறையில் க முதலில் வர வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கத்தை விரல்களிடம் சொல்லி மாற்ற முடியுமா? என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. எனவே நிறுவாமலே ஓடும் மென்பொருள்களை 256 எம்பி பென் டிரைவ் ஒன்றில் போட்டுக்கொண்டேன்: ஓர் எழுதும் செயலி, கொம்பை முதலில் வாங்கிக்கொள்ளும் விசைப்பலகை நிரல், ஊரில் அச்சுக்குத் தட்டச்சு செய்து தரும் என் டிடிபி கடையின் பழைய கோப்புகள், அவற்றுக்கான பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவைச் செயலியின் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ரயிலில் நாற்பத்தேழு மணி நேரம். ஐம்பது நிமிடம் தாமதமாக, இரவு ஏழே முக்காலுக்கு நிஜாமுதீன். அங்கிருந்து சரோஜினி நகர் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார், எழுபதுக்குப் படிந்தார். பிப்ரவரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் காலை, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சைபர் கஃபே, மணிக்கு இருபது ரூபாய். பழக்கமில்லாத கணினியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தான் போனேன். யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"பென் டிரைவ் மனா ஹை, மேடம். வைரஸ் ஆத்தா ஹை" என்றார் கடைக்காரர். பென் டிரைவ் கூடாதாம், வைரஸ் வருமாம்.

"பையா, இன்ஸ்டால் நஹீ. சிர்ஃப் சலானா ஹை" என்றேன், நிறுவப் போவதில்லை, ஓட்டத்தான் என்று. எனக்குத் தெரிந்த இந்தியில் பாதி அதிலேயே செலவாகிவிட்டது. நான் நகர்வதாக இல்லை என்று புரிந்ததும் அவரே பிளாஸ்திரியை உரித்தார். எல்லாம் ஓடியது. நிம்மதியாகத் திரும்பினேன். அந்தக் கணினியில் வைரஸ் தடுப்பு நிரலே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. என் முட்டாள்தனம்.

தேர்வு அடுத்த நாள் பதினொரு மணிக்கு. "வேலை வராட்டா போவுது, நீ பதறாம அடி" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஆபீசுக்குப் போனார். வராவிட்டால் போகட்டும் என்று அவர் சொன்னது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. ஆட்டோவில் பதினாலு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், நூற்றுப் பத்து ரூபாய்.

தேர்வை நடத்தியவள் டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு பக்கம், அரை மணி நேரம். பென் டிரைவைச் செருகினேன். திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. விசைகளை இடையில் பிடிக்கிறதாம், என் விசைப்பலகை நிரலைத் திருட்டு நிரலென்று நினைத்து அங்கிருந்த வைரஸ் தடுப்பு அழித்துவிட்டது. பென் டிரைவ் முழுக்கத் தேடினேன், நிரல் இல்லை. நாலு நிமிடம் போய்விட்டது.

அப்போதுதான் கடையின் பழைய எழுத்துரு நினைவுக்கு வந்தது. அதற்கு விசைப்பலகை நிரலே வேண்டாம். தட்டச்சு இயந்திரத்தில் எந்த இடத்தில் எந்த எழுத்தோ, அதே இடத்தில் இருக்கும். கொம்பை அடித்தால் கொம்பு வரும். அடித்தேன். இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தேன்.

அவள் கோப்பைத் தன் கணினிக்கு நகலெடுத்துத் திறந்தாள். முகம் மாறியது.

"மேடம், இதுல தமிழே இல்லையே. ஏ, பி, சி, செமிகோலன்னு என்னமோ இருக்கு."

"ஒங்க மெஷின்ல அந்த எழுத்து கெடயாதும்மா. என் பென் டிரைவ்ல இருக்க செயலியிலயே தொறந்து பாருங்க."

"அச்சா" என்று சந்தேகமாகத்தான் திறந்தாள். முழுப் பக்கமும் தமிழ். ஆனால் அவளுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டாள். நாற்பது நிமிடம் நின்றேன். ஒரே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது.

"சார்கிட்ட காட்டணும், மேடம். அங்கயும் இந்தப் பென் டிரைவ் இல்லாம தொறக்காதே. வெச்சுட்டுப் போறீங்களா?"

என் கடையே அதற்குள் இருந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

இதே மாதிரி போகிறவர்களுக்கு: மெட்ரோவை நம்பி கன்னாட் பிளேஸ் சுற்றாதீர்கள், சரோஜினி நகரிலிருந்து நேரே ஆட்டோவே மேல். வைரஸ் தடுப்பு உள்ள கணினியில் ஒத்திகை பாருங்கள். விசைப்பலகை நிரல் செத்தாலும் பிழைக்க ஒரு பழைய எழுத்துரு வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு நகல் இருக்கட்டும். நான் வைக்கவில்லை, ஒன்பது நாள் தூங்கவும் இல்லை.

பத்தாம் நாள் போன் வந்தது. ஏப்ரலில் மகளையும் கூட்டிக்கொண்டு அதே ரயிலில் ஏறினேன். ஸ்லீப்பரில் இரண்டு டிக்கெட். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.