ஆல்ட்டோ கேட்கும் சவுண்ட்பார்

நடந்தது இந்த வரிசையில்:

1. அம்மாவுக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது.
2. பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் காற்று கலந்து. பாட்டு வரவில்லை.
3. சர்ச்சில் பாடகர் குழுவின் பெஞ்சை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினாள்.
4. எங்கள் டிவியின் ஸ்பீக்கர் கரகரத்து ஓய்ந்தது.
5. டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்க நான் ஓர் அட்டவணை போட்டேன்.

முதல் மூன்றுக்கும் ஐந்தாவதற்கும் சம்பந்தம் உண்டென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பம்பு மோட்டார்களின் இரைச்சலை அளப்பது என் வேலை. அட்டவணை போடாமல் நான் மிக்சிகூட வாங்கியதில்லை. ஆனால் இந்த முறை எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அம்மாவின் பழைய குரலை வீட்டில் முழுதாகக் கேட்க வேண்டும்.

அம்மா இருபது வருடம் ஆல்ட்டோ பாடியவள். மெட்டைப் பாடுகிறவர்கள் மேலே போக, அவர்களுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வரும் பெண்குரல் அது. சமைக்கும்போதும் அந்தப் பகுதியை மட்டும்தான் முணுமுணுப்பாள். பாட்டே அதுதான் என்று நினைத்து வளர்ந்தேன். ஞாயிறு பள்ளியில் அப்படியே பாடிக்காட்டி, எல்லாரும் சிரித்த பிறகுதான் அதற்கு வேறொரு மெட்டு இருப்பது தெரிந்தது. இன்றும் அந்த மெட்டை மட்டும் கேட்டால் எனக்குப் பாதிப் பாட்டாகத்தான் படுகிறது.

தன் பகுதியை வீட்டில் பழகுவதற்காகக் குழுவின் பயிற்சியைப் போனில் பதிவு செய்துகொள்வாள். அப்படி ஒன்று என்னிடம் மிஞ்சியிருந்தது. போன் மடியில் இருந்ததால் அவள் குரல்தான் மைக்குக்கு மிக அருகில். ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கரில் மெட்டும் மின்விசிறியும்தான் கேட்டன.

டிவி அதிகம் பார்ப்பது நீதானே என்று சொல்லி, அம்மாவையும் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். என் அட்டவணையில் முதலிடம் பிடித்த பாருக்கு அடித்தொனியை அதிரவைக்கும் தனி வூஃபர், பின்னால் வைக்க இரண்டு ஸ்பீக்கர், ஒலியின் தன்மையை மாற்ற ஏழு மோடு, வாயால் சொன்னால் கேட்கும் வசதி. கடைக்காரர் அதில் ஒரு சினிமா குண்டுவெடிப்பைப் போட்டார்.

"ஏனுங்கம்மா, எப்படி அதிருதுங்க?"

"குடிச்ச காப்பி மேல வருதுங்க," என்றாள் அம்மா.

நான் என் பதிவைப் போட்டேன். நாலு சுவரிலிருந்தும் பாட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குரல்கள் எல்லாம் ஒரே மாவாகப் பிசைந்திருந்தன. ஒவ்வொரு மோடாக மாற்றினேன். பேச்சைத் தெளிவாக்கும் மோடில் மெட்டு முன்னால் வந்து நின்றது. அம்மா இல்லை.

"மூலையில இருக்கறதுல போடுங்க," என்றேன். அது என் அட்டவணையில் கடைசி.

"அதுல ஒண்ணுமே இல்லீங்களே அம்மணி. வூஃபர் கிடையாது, ஆப் கிடையாது. வசதியில்லாத மாப்பிள்ளையாட்டம், ஒருத்தரும் நின்னு பாக்கறதில்லீங்க."

போட்டார். மெட்டுக்குக் கீழே ஒரு குரல் தனியாகக் கேட்டது. மூன்றாவது வரியில் அம்மாவின் விரல் கைப்பை வாரில் தாளம் தட்டத் தொடங்கியது. சட்டென்று நின்றது.

"இங்க முந்திட்டேன்."

"யாரும்மா?"

"நாந்தான் கண்ணு. அரைத் தாளம் முந்திப்போட்டேன். இப்பத் திட்டுவாரு பாரு."

பதிவில் குழுவை நடத்துபவர் பாட்டை நிறுத்தி, "ஆல்ட்டோ, பஸ்ஸு போயிருமுங்களா? மெதுவா வாங்க," என்றார். பெண்கள் சிரித்தார்கள். மிக அருகில் ஒரு சிரிப்பு, காற்றே கலக்காமல்.

அம்மா கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் அந்த பாரையே கட்டச் சொன்னேன்.

ஆட்டோவில் அம்மா என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா வந்திருப்பயா?"

"வந்திருக்க மாட்டேன்," என்று பெட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பார் இப்போது டிவிக்கு அடியில் இருக்கிறது. சண்டைக் காட்சிகள் சப்பென்று இருப்பதாக அப்பா சொல்கிறார், உண்மைதான். பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு பாரின் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். காலையில் டிவிக்கு வைத்துவிட்டுப் போகும் பார், நான் வேலை முடிந்து வரும்போது சில நாள் பென்டிரைவுக்கு மாறியிருக்கிறது. அதைப் பற்றி அம்மாவிடம் நான் கேட்டதில்லை. அம்மா இன்னும் பாடுவதில்லை.