கறுப்பு விமானமும் தம்பிராஜாவின் அட்டவணையும்

அமெரிக்காக்காரன் விமானத்துக்கு ரப்பர் பூசுகிறானாம் என்ற பேச்சை அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவன் ரப்பர் பால் லோரி ஓட்டும் இராஜமாணிக்கம். சிரம்பானில் லோபாக் சாப்பாட்டுக் கடையில் யாரோ சொன்னார்களாம். சொன்னவருக்கு அவருடைய மச்சான் சொன்னானாம். அவன் பட்டர்வொர்த்தில் ஆகாயப்படைக்காரர்களுக்குச் சமைக்கிறவன். பூசிவிட்டால் எந்த ரேடாருக்கும் அந்த விமானம் தெரியாதாம்.

"நம்ம பாலாத்தான் இருக்கும் லா," என்றான் இராஜமாணிக்கம். "இனிமே எண்ணெய்க்குப் போடற செம்பனைதான் பெருசுன்னு எவனும் பேச வேணாம்."

பால் நிறுக்கும் கொட்டகை முழுவதும் சிரித்தது. ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தம்பிராஜா மட்டும் சிரிக்கவில்லை.

அது 1990 நவம்பர். ஈராக் குவைத்தைப் பிடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தம்பிராஜாவின் மனைவி பராசக்திக்கு ஒரே தம்பி, செல்வநாயகம். யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் வெளிக்கிட்டுப் போய், பாக்தாத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தான்.

தம்பிராஜா மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடமாகச் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேடு எழுதுகிறவர். சிரம்பானில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். லோரியில் பால் ஏற்றி முடிக்கும்வரை ஆங்கிலப் பேப்பரைப் பிரித்துத் தமிழில் சொல்வது அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. தோட்டத்தில் உலகச் செய்தி என்றால் கிராணி ஐயா சொன்னதுதான். வெளியே பார்க்கத்தான் அந்தக் கம்பீரம். வீட்டில் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் எழுந்துபோய்ப் பார்க்கிற மனுஷர்.

ரப்பர் கதையைக் கேட்ட மறுநாள் அவர் ஒரு அட்டவணையோடு வந்தார். சிரம்பானில் வாங்கிய ஆங்கில சஞ்சிகை ஒன்றைப் பார்த்து, செக்ரோல் தாளில் கோடு போட்டு எழுதியது. ஒரு பக்கம் ஈராக்கிடம் இருந்த ரஷ்யாவின் மிக் இருபத்தொன்பது, பிரான்சின் மிராஜ். மறுபக்கம் ரப்பர் பூசியதாகப் பேசப்பட்ட அமெரிக்காவின் கறுப்பு விமானம், எஃப் நூற்றுப் பதினேழு. வேகம், உயரம், துப்பாக்கி, ரேடார் என்று நாலு வரிசை.

"பாருங்க," என்றார். "மிக் சத்தத்தைவிட ரெண்டு மடங்கு வேகம். கறுப்பு விமானம் சத்தத்தோட வேகத்தைக்கூடத் தொடாது. அதுல துப்பாக்கி கிடையாது. தனக்குன்னு ஒரு ரேடார் கிடையாது. ரெண்டே ரெண்டு குண்டு. இதை வச்சுக்கிட்டு பாக்தாத்துக்குள்ள போனா திரும்பி வருமா?"

பால் வெட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் தாளை எட்டிப் பார்த்தார். எழுத்து தெரியாதவர், கோடுகளைத்தான் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க ஐயா. ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே தொரத்த முடியும்? தெரியாதவன் பின்னால எவ்வளவு வேகமா ஓடி என்ன செய்யறது?"

"அதெல்லாம் பேப்பர்க்காரன் கட்டுற கதை, மண்டோர்."

அந்த வாரம் செல்வநாயகத்தின் கடிதம் வந்தது. வெளியேறக் கேட்கிறவர்களைக் கம்பெனி ஜோர்தானுக்கு, அம்மான் நகர் வரைக்கும் அனுப்புகிறது. நான் வெளிக்கிடட்டோ அத்தான், என்று கேட்டிருந்தான். வெளிக்கிட்டால் கூட்டாளி ஒருவனின் வீட்டில் நிற்பேன் என்று அம்மான் நம்பர் ஒன்றும் எழுதியிருந்தான்.

"உடனே வரச் சொல்லி எழுதுங்கோ," என்றாள் பராசக்தி.

எங்கே வருவது? மலேசியாவுக்கு விசா கேட்டு இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் இல்லையென்று பதில் வந்திருந்தது. அம்மானில் இறங்கினால் அடுத்த இறக்கம் யாழ்ப்பாணம்தான். அங்கே ஆனி மாதம் முதல் வானத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. தம்பிராஜா இரண்டு நாள் யோசித்தார். யோசித்தார் என்பதைவிட, அந்த அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்பதே சரி. பார்க்கப் பார்க்க நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. மூன்றாம் நாள் எழுதினார்: 'அவசரப்படாதே. பாக்தாத்தின் ஆகாயக் காவல் உறுதியானது. பங்குனியில் ஒப்பந்தம் முடியட்டும், பிறகு பார்ப்போம்.' அட்டவணையின் பிரதியையும் உறைக்குள் வைத்தார். பராசக்தியிடம் 'எழுதிப் போட்டாச்சு' என்று மட்டும் சொன்னார். செல்வநாயகத்திடமிருந்து பதில் வரவில்லை.

ஜனவரி பதினேழு, வியாழக்கிழமை காலை, போர் தொடங்கிவிட்டது என்று ரேடியோ சொன்னது. வெள்ளிக்கிழமை பேப்பரில் மிச்சம் வந்தது. கறுப்பு விமானங்கள் பாக்தாத்துக்கு மேலேயே வந்து, குண்டு போட்டு, திரும்பியும் போயிருந்தன. ஒன்றுகூட விழவில்லை. நகரத்தின் டெலிபோன் கட்டடமும் போயிருந்தது; பாக்தாத்துக்கு இனி லைன் கிடையாது.

கொட்டகையில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் என்கிற கண்ணாடிக் குழாயை ஒரு வாளிப் பாலில் விட்டார். குழாய் ஆழமாக இறங்காமல் மேலேயே மிதந்தது. தண்ணீர் கலந்த பால்.

"யாருடைய வாளி?"

"நல்லசாமிது," என்றார் ஆறுமுகம். பிறகு குரலைத் தணித்து, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. வாளி கனமா இருக்குன்னு ஒரு நாளாவது நீங்க முழு எடை போட்டதுண்டா? குழாயை விட்டுப் பாத்துத்தானே எழுதுவீங்க. விமான விஷயத்துல மட்டும் வேகத்தைப் பாத்தே எழுதிட்டீங்களே."

தம்பிராஜா குழாயைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பராசக்தி ஆபீசுக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் படி ஏறியதில்லை.

"அம்மானுக்கு டெலிபோன் அடியுங்கோ," என்றாள். "அவன் அங்கை வந்திருப்பான். நீங்கள் கார்த்திகையிலையே எழுதினனீங்கள்தானே?"

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். எந்தக் கடிதம் எழுதினாலும் கார்பன் பிரதி வைத்துக்கொள்கிற கிராணி அவர். கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

பராசக்தி நின்றபடி வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"ஆகாயக் காவல்," என்றாள். "அவன் நீங்கள் கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டானெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"அவன் ஊருக்குத்தானே பக்கி திரும்பப் போகவேணும் எண்டு... அங்கையும் குண்டுதானே, பக்கி."

பராசக்தியைச் சுருக்கிப் 'பக்கி' என்று அவர் செல்லமாகக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாம். அவனட்டையும் சொல்லியிருக்கலாம். பிளேன் கணக்கு எதுக்கு எழுதினனீங்கள்?" அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அடியுங்கோ. ஒருவேளை உங்கடை சொல்லைக் கேளாமல் வெளிக்கிட்டிருப்பான்."

மனைவியின் தம்பி தன் சொல்லை மீறியிருக்கவேண்டும் என்று தம்பிராஜா அன்றுதான் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். எக்ஸ்சேஞ்சுப் பெண்ணிடம் நம்பரைச் சொன்னார். தவறிவிடக்கூடாதென்று இரண்டாம் தரமும் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்து லைன் கிடைத்தது.

ரிசீவரை அவளுடைய காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் பிடித்தார். அம்மானில் அப்போது காலை பத்து மணி இருக்கும். மணி அடித்தது. பத்துத் தரம், பதினைந்து தரம்.

"யாரும் எடுக்கல சார்," என்றாள் எக்ஸ்சேஞ்சுப் பெண். "கட் பண்ணிடவா?"

"வேணாம்மா," என்றார் தம்பிராஜா. "அடிக்கட்டும்."