ரும்பாவுக்குப் பக்கவாத்தியம்

பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு நடனக் கொட்டகை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். டாங்கோ, வால்ஸ், ரும்பா என்று கடல் கடந்த சங்கீதமெல்லாம் அங்கே முழங்கும். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கையில் முதல் தடவை போனேன். அன்று ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை சைக்கிள் பெடலை ரும்பா தாளத்துக்குத்தான் மிதித்தேன்.

எட்டு வயதிலிருந்து பிடில் கற்றவன் நான். சின்னக் கச்சேரிகளில் பக்கவாத்தியமும் வாசித்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் வாசிக்கும் பாண்டில் சேர்ந்தே தீரவேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. எனக்காகப் பேசியவர் அங்கே குடுவை குலுக்கும் பாய். ரயில்வே பட்டறையில் பிட்டர். காய்ந்த சுரைக்குடுவைக்குள் மண்ணச்சநல்லூர் அரிசியைப் போட்டு அடைத்து அந்த வாத்தியத்தை அவரே செய்திருந்தார்.

பாண்டின் தலைவர் ஓர் ஆங்கிலோ இந்தியர். வாரமெல்லாம் எஞ்சின் ஓட்டிவிட்டு சனிக்கிழமை டிரம்பெட் ஊதுவார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கல்லாம் கீழே உட்கார்ந்துதானே வாசிப்பீங்க? இங்கே உட்கார்ந்தா உன் மேலேயே ஆடிடுவாங்க, மேன்.”

“நின்னுக்கிட்டு வாசிக்கப் பழகிட்டேன் சார்.”

பொய்யில்லை. ஒரு மாதமாகக் கண்ணாடிமுன் நின்று, பிடிலைத் தாடையில் இடுக்கி, கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

“ஒரே ஒரு ரும்பா. நல்லா வந்தா சனிக்கிழமை சனிக்கிழமை வா. இல்லேன்னா டிக்கெட் வாங்கிட்டு வா.”

டிக்கெட் ஏற்கெனவே என் சட்டைப்பையில் இருந்தது. தோற்றாலும் பாட்டாவது கேட்கலாமே!

அன்றைய ஆட்டத்திலேயே என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஜோடிகள் ஆடத் தொடங்க, அவர் முதல் வரியை ஊதி நிறுத்தினார். கச்சேரியில் பாடகர் ஒரு வரி முடித்தால் அதை அப்படியே வாங்கி வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். கை தன்னால் போய்விட்டது. அவர் ஊதியதை ஒரு கமகமும் சேர்த்துத் திருப்பி வாசித்தேன். அடுத்த வரிக்கு டிரம்பெட்டை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தார்கள். பாய் மட்டும் குலுக்குவதை நிறுத்தவில்லை.

தலைவர் முறைத்தபடியே சின்னதாக, வேண்டுமென்றே கோணலாக, ஒன்றை ஊதினார். வாங்கி வாசித்தேன். இன்னும் நீளமாக, வேகமாக ஒன்று. அதையும் வாசித்தேன். மூன்றாவதில் அவருக்கே சிரிப்பு வந்து காற்று கசிந்துவிட்டது. கொட்டகை முழுக்கக் கைதட்டல்; ஜோடிகள் மறுபடி சுழல ஆரம்பித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் கேட்டார். “என்னா மேன், என்னைக் கேலி பண்றியா?”

“ஐயையோ! அது மரியாதை சார். எங்க பக்கம் அப்படித்தான்.”

“இந்த மரியாதை இந்த ஒரு பாட்டுக்குப் போதும். மத்ததுல நான் ஊதறப்பவே நீயும் வாசிக்கணும். அடுத்த வாரம் அரைமணி முன்னாடி வந்துடு.”

பாய் குடுவையை என் காதோரம் ஒரு குலுக்குக் குலுக்கினார். “பாஸாயிட்டீங்க தம்பி! போய் டிக்கெட்டைத் திருப்பிக் குடுங்க.”

கொடுக்கவில்லை. பிடில் பெட்டிக்குள், வில்லுக்குத் தேய்க்கும் ரோசனத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது.